மேடையில் எழுதிய கை திரைக்கு எழுதும்போது: கொளப்பள்ளிப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மலையில் பந்தலூர், கூடலூர், சேரம்பாடி பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை நாடகப் பட்டறைக்கு வரும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொரு வாரமும் பாதி நேரம் அதிலேயே போய்விடுவதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வருவதற்கு முன்பு ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் எப்படி நாடகத்துக்கு வந்தீர்கள்?

1964-ல் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் கோச்சி, அதாவது ரயில் ஏறி தலைமன்னார் வந்து, ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டத்தில் வேலை கிடைத்தது. நான் பிறந்தது லயத்தில்தான், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்.

அப்பா அங்கே இருந்தபோது காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவர். மாசி மாதம் வந்தால் இங்கேயும் தப்பு மேளத்தின் சத்தம் கேட்கும். மன்மதன் எரிந்த பிறகு ரதி அழுகிற இடத்தில் அப்பா அழுதால், சுற்றி நிற்கிற பெண்கள் தங்கள் வீட்டுச் சாவை நினைத்து அழுவார்கள். நான் எழுதப் படித்தது பள்ளிக்கூடத்தில். அதை யாருக்காக எழுதுவது என்று தெரிந்துகொண்டது அந்தக் கூத்தைப் பார்த்துத்தான். 19 வயதில் மாரியம்மன் திருவிழாவுக்கு என்று முதல் நாடகம் எழுதினேன். அப்புறம் வருஷத்துக்கு ஒன்று என்று எழுதி, 2004-ல் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

நாடகக்காரர்கள் சினிமாவுக்குப் போவது ஒரு சறுக்கல் என்று சிலர் சொல்கிறார்களே?

தமிழ் சினிமா பேச ஆரம்பித்ததே நாடகக்காரர்களின் வாயால்தான். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ 1954-ல் படமாக வந்தபோது வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. அவரும் நாடகம் எழுதி வந்தவர்தான். அண்ணாவின் ‘வேலைக்காரி’ முதலில் மேடையில் நடந்த நாடகம், 1949-ல் படமானது. அந்தக் காலத்தில் ‘கதை வசனம்’ என்று சுவரொட்டியில் போட்டிருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்தார்கள். எழுதுபவனுக்கு அப்படி ஒரு இடம் நம் மொழியில் இருந்தது. அதை மறக்கக்கூடாது.

பிறகு கே. பாலசந்தர். ஏஜி ஆபீசில், அதாவது அரசுக் கணக்கு அலுவலகத்தில், குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். 1964-ல் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம் எழுதினார். அதே வருஷம் அவருடைய ‘சர்வர் சுந்தரம்’ படமாக வந்தது. 1965-ல் ‘நீர்க்குமிழி’யை அவரே இயக்கினார். அந்தப் படத்தைப் பார்த்தால் ஒன்று தெரியும். கதை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போவதே அபூர்வம். ‘எதிர்நீச்ச’லில் ஒரு வீடும் அதில் குடியிருப்பவர்களும்தான். மேடையில் ஒரே இடத்தில் கதையை நகர்த்திப் பழகிய கை அது. அதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதைச் சொத்து என்பேன். பணம் இல்லாத புது இயக்குநருக்கு ஒரே வீட்டில் இரண்டு மணி நேரம் கதை சொல்லத் தெரிந்த எழுத்தாளர் கிடைத்தால் அவர் விடவே மாட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’. அத்திப்பட்டி என்ற வறண்ட ஊரைப் பற்றிய நாடகம். 1981-ல் பாலசந்தர் அதைப் படமாக்கினார். சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை என்று இரண்டு தேசிய விருதுகள் வந்தன. மேடையில் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பேசித்தான் காட்ட வேண்டும். படத்தில் வெடித்த மண்ணையும் நடக்கிற தூரத்தையும் காட்டலாம். அப்படியிருந்தும் அந்த ஊர்க்காரர்களின் பேச்சு படத்தில் உயிரோடு இருக்கிறது. எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான்.

நாடகம் எழுதுவதற்கும் திரைக்கதை எழுதுவதற்கும் உண்மையான வித்தியாசம் என்ன?

இதற்கு ஒரு மழை இரவைத்தான் சொல்ல வேண்டும்.

என்னுடைய மூன்றாவது நாடகம். கப்பலில் வந்த ஒரு குடும்பத்தின் கதை. மூத்த மகனுக்கு அந்தப் பக்கம் குடியுரிமை கிடைத்து அங்கேயே தங்கிவிடுகிறான். மற்றவர்கள் இங்கே வந்துவிடுகிறார்கள். இரண்டாம் காட்சியில் அம்மா தகரப் பெட்டியைத் திறந்து அவனுடைய சட்டையை எடுத்துப் பார்த்து அழ வேண்டும். அதற்கு ஒன்றரைப் பக்கம் வசனம் எழுதியிருந்தேன். எதுகை மோனையோடு, அப்பாவின் ஒப்பாரி மெட்டை மனசில் வைத்து எழுதியது. நான் எழுதியதிலேயே அதுதான் நல்லது என்று நினைத்திருந்தேன்.

மே மாதம். நாடகம் தோட்டத்து மண்டபத்தில், தகரக் கூரை. அந்தக் காட்சி தொடங்கிய நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கத்து மழை தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அம்மாவாக நடித்தவர் பக்கத்து லயத்து அக்கா. பகலில் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவர். நாலு வரி கத்திப் பார்த்தார். கேட்கவில்லை என்று தெரிந்ததும் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் ஓரத்தில் ஸ்கிரிப்ட்டை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா சட்டையை மடியில் விரித்தார். கொழுந்துக் கறை படிந்த விரலால் காலரை நீவினார். கையை மடக்கி, நெஞ்சுப் பக்கம் மடக்கி, சின்னதாக மடித்துப் பெட்டியில் வைத்தார். மூடியவர் மறுபடி திறந்தார். எடுத்தார். பிரித்தார். மறுபடி மடித்தார், இந்தத் தடவை இன்னும் மெதுவாக. மூன்றாம் தடவை சட்டைப் பையில் ஒரு பொத்தான் இல்லாததைப் பார்த்து, தன் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அந்த இடத்தில் குத்தினார். அதை நான் எழுதவில்லை. ஒத்திகையிலும் இல்லை. மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

பல வருஷம் கழித்து ஒரு படத்துக்கு அதே மாதிரி ஒரு காட்சி எழுத வேண்டி வந்தபோது, வசனப் பகுதியில் நான் ஒன்றும் எழுதவில்லை. ஊக்கு வரைக்கும் செய்கையை மட்டும் எழுதினேன். இயக்குநர் ஒரு வார்த்தை மாற்றவில்லை.

அதனால் என் பதில் இது: நாடகத்தில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும், அதற்கு வார்த்தைதான் வண்டி. சினிமாவில் கேமரா அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஊக்குக்கு ஒரு சாண் பக்கத்தில் உட்கார வைத்துவிடும். அங்கே போய்ச் சேர்ந்தவனிடம் மறுபடி பேசி விளக்கினால் அவனுக்குச் சலிப்பு வரும். எந்தக் காட்சியையும் எழுதி முடித்ததும், இப்போது மழை பிடித்துக்கொண்டால் இதில் என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன்.

திரைக்கதை எந்த வடிவத்தில் எழுத வேண்டும்?

முதலில் ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம். அப்புறம் சீன் ஆர்டர், அதாவது எந்தக் காட்சிக்குப் பின் எது என்ற வரிசை. அதற்குப் பிறகுதான் வசனம். இரண்டு மணி நேர நாடகத்துக்கு எட்டு பத்துக் காட்சி போதும், அதே நீளப் படத்துக்கு 60, 70 வரும். ஒவ்வொரு காட்சிக்கும் மேலே எண், உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்று எழுதுங்கள். ‘காட்சி 14, உள்ளே, லயத்து அறை, இரவு’. அவ்வளவுதான். கணினி வேண்டும் என்பதுகூட இல்லை. நான் நாலு வருஷம் நீளமான கணக்கு நோட்டில்தான் எழுதினேன்.

சென்னையில் முதல் வருஷங்கள் எப்படி இருந்தன?

கஷ்டமாக இருந்தன. ஒரு படத்தின் கதையைக் கூடிப் பேசும் டிஸ்கஷனில் உட்காரக் கூப்பிடுவார்கள். காலை பத்து மணிக்குப் போனால் ராத்திரி வரை பேச்சு. சாப்பாடும் பஸ் காசும் கிடைக்கும், சம்பளம் என்று எப்போதாவது. வேலை செய்த ஐந்து படங்களில் மூன்றில்தான் என் பெயர் வந்தது.

ஆனால் அந்த அறைகளில் ஒன்று தெரிந்தது. மேடையில் எழுதி வந்தவனுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. மற்றவர்கள் ஒரு காட்சியை விவரிப்பார்கள். நாம் அதை நடித்துக் காட்டிவிடுவோம். அப்பா, மகள், எதிர்வீட்டுக்காரர் என்று மூன்று குரலில் பேசிக் காட்டினால் அறையில் இருப்பவர்களுக்குக் காட்சி அப்போதே தெரிந்துவிடும். தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகும்போதும் கை கொடுப்பது அந்தப் பழக்கம்தான்.

போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: ஆறு மாதச் செலவுக்குக் கையில் காசு இல்லாமல் போகாதீர்கள். பசியில் இருப்பவன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவான். நானும் போட்டிருக்கிறேன்.

என் நாடகத்தை யாராவது திருடிப் படமாக எடுத்துவிட்டால்?

இந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது, நியாயமான பயம்தான். இதில் ஒரு பழைய வழக்கை நாடகம் எழுதும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

டெல்லியில் ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் 1953-ல் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்று ஒரு நாடகம் எழுதினார். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிற ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு மதராஸிக் குடும்பமும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் காதலும்தான் கதை. நாடகம் நல்ல பெயர் எடுத்தது. ஒரு திரைப்பட இயக்குநர் வந்து, அதை முழுவதும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். 1956-ல் ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படம் வந்தது. அதிலும் மாநில வேற்றுமையும் காதலும் இருந்தன. ஆனந்த் வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் அவருக்கு எதிராகவே தீர்ப்பானது. கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு, படம் அதே கருவை வேறு விதமாகச் சொல்லியிருக்கிறது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம்.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. உட்கார்ந்து முழு நாடகத்தையும் வாசித்துக் காட்டிய ஒரு மனிதரின் முகம்தான் கண்ணில் நின்றது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்பதால், நாம் செய்ய வேண்டியதைச் செய்வோம். ‘இரண்டு குடும்பம், ஒரு காதல்’ என்ற கரு உங்களுடையது ஆகாது. பாத்திரங்கள், காட்சிகள், அவை வரும் வரிசை, வசனம் எல்லாம் எழுத்தில் முழுதாக இருந்தால் அது உங்களுடையது. அதனால் வாயால் மட்டும் கதை சொல்லித் திரியாதீர்கள். முழுதாக எழுதுங்கள், தேதி போடுங்கள், பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயம் இல்லை, எழுதியவுடனே உரிமை வந்துவிடும். ஆனாலும் வழக்கு என்று வந்தால் பதிவுதான் சாட்சி. டெல்லியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் செய்யலாம். சென்னையில் உள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினர் ஆனால் அங்கேயும் கதையைப் பதிந்து வைக்கலாம்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 19-ம் பிரிவைத் தமிழில் யாரிடமாவது விளக்கமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமையை எழுதிக் கொடுப்பது என்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். 2012-ல் வந்த திருத்தத்தின்படி, தியேட்டரில் படம் ஓடுவது போக, மற்ற வழிகளில் உங்கள் எழுத்து பயன்படும்போது ராயல்டியில் சம பங்கு உங்களுக்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்து எழுதச் சொன்னாலும் அது செல்லாது. உரிமையையே விற்றுவிட்டாலும், இதை எழுதியது நான் என்று சொல்லும் உரிமை 57-ம் பிரிவில் உங்களிடமே இருக்கிறது.

மேடை உரிமையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். படத்துக்குக் கொடுத்த நாடகத்தை மறுபடி நம் ஊர்த் திருவிழாவில் போட முடியாமல் போன வருத்தம் எனக்கு உண்டு.

நம் மலைப் பேச்சில் வசனம் எழுதினால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா அண்ணா?

புரியும்படி எழுதலாம், பேச்சை மாற்றாமலே. ஒரு படத்தில் பாட்டி பாத்திரம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று சொல்வார். மலையகத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ரயிலை, வழியெல்லாம் அழுகை கேட்டதால் நம் பெரியவர்கள் அப்படிச் சொல்வார்கள். கோச்சி என்றால் கேரளத்துக் கொச்சி என்று நினைப்பார்கள், ‘ரயில்’ என்று மாற்றுங்கள் என்றார் இயக்குநர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூடலூர்க்காரர்களே அப்படி நினைக்கலாம்.

எனக்கு அந்தச் சொல்லை விட மனசில்லை. இரண்டு நாள் யோசித்து, பாட்டி பேசும்போது பக்கத்தில் பேத்தி கரித்துண்டால் லயத்துச் சுவரில் ஏதோ வரைகிற மாதிரி எழுதினேன். ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, புகை. பாட்டி பேசி முடிக்கும்போது சுவரில் ரயில் நிற்கிறது. சொல் தப்பித்தது. கொழுந்து, பெரட்டு (காலை ஆள்கணக்கு), கவ்வாத்து (செடி வெட்டுவது), சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) என்று நம் தோட்டத்துச் சொல் எதையும் இப்படிக் காப்பாற்றலாம். அர்த்தத்தை இன்னொரு பாத்திரத்தின் வாயால் விளக்க வைப்பது மட்டும் வேண்டாம், காது உள்ளவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

மலையிலேயே இருந்துகொண்டு எழுத முடியுமா?

இப்போது முடிகிறது. ஸ்கிரிப்ட் போனில் போய்விடுகிறது, டிஸ்கஷனும் பாதி போனில்தான். பந்தலூரில் மழைக்காலத்தில் கரண்ட் போனால் இரண்டு நாள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊட்டியும் கொடைக்கானலும் தமிழ்ப் படங்களில் எத்தனையோ தடவை வந்திருக்கின்றன, பெரும்பாலும் தேனிலவுக்கும் டூயட்டுக்கும். அந்தத் தேயிலைச் சரிவில் கூடையோடு நிற்கிற பெண், பாட்டின் பின்னணியில் இரண்டு விநாடி வந்துவிட்டுப் போவார். அவர் வீட்டுக்குள் கேமரா போனது மிகக் குறைவு. ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியைக் கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தார்கள். அதில் இந்த மலையின் ஈரமும் குளிரும் அந்த மனிதனின் தவிப்போடு ஒன்றாகிவிட்டன. பாலு மகேந்திரா வெளியூரிலிருந்து வந்து அதைச் செய்தார். இங்கேயே பிறந்தவர்கள் எழுதினால் என்னவெல்லாம் வரும் என்று நினைக்கும்போது எனக்கு ஆசையாக இருக்கிறது.

சினிமாவுக்குப் போன பிறகு நாடகத்தை விட்டுவிட வேண்டுமா?

விடாதீர்கள். கிரேசி மோகனைப் பாருங்கள். கிண்டியில் பொறியியல் படித்தவர், 1976-ல் மேடைக்கு எழுத வந்தார். 1983-ல் அவருடைய நாடகம் ‘பொய்க்கால் குதிரை’ என்று படமாயிற்று. ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’, கொடைக்கானலில் நடக்கும் ‘தெனாலி’ என்று எவ்வளவு எழுதினார். அத்தனை பரபரப்பிலும் தன் குழுவோடு மேடையேறுவதை 2019-ல் இறக்கும் காலம் வரை நிறுத்தவில்லை. ஒரு வசனத்துக்கு எந்த எழுத்தில் சிரிப்பு வரும் என்று வாரா வாரம் ஆட்களுக்கு முன்னால் நின்று தெரிந்துகொண்டவர் அவர். சினிமாவில் நாம் எழுதியதற்கு என்ன பதில் என்று தெரிய ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகிறது. மேடையில் அந்த நொடியே தெரியும்.

நான் நடுவில் ஆறு வருஷம் மேடைப் பக்கம் வரவில்லை. அந்த ஆறு வருஷத்தில் எழுதிய வசனங்களை இப்போது கேட்டால், எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் பேசுகின்றன. அதுதான் என்னைத் திரும்ப இங்கே கூட்டி வந்தது.

எனக்குக் குழு எதுவும் இல்லை. தனியாகத்தான் எழுதுகிறேன். எங்கே ஆரம்பிப்பது?

எழுதியதை வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டால் போதும். கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எங்கே எழுந்து போகிறார் என்றும் பாருங்கள். அந்த இரண்டு இடங்களையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாருங்கள். ஒரே ஒரு காட்சி, பத்து நிமிடத்துக்குள், இரண்டு பேர், ஒரு பொருள். கட்டணம் கிடையாது. தோட்டத்து மண்டபம்தான், அதே தகரக் கூரை. மழை வந்தாலும் நிறுத்தமாட்டோம், அதனால் குடையோடு வாருங்கள்.